பர்மாத் தமிழர்: பேரேடும் பதிவுச் சீட்டும்

மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ புறப்பட்டு மும்பையிலோ தில்லியிலோ குடியேறும் தமிழர் ஒருவர், அங்கே ஒரு பாங்கில் கணக்குத் தொடங்க விரும்பினால், தம் இருப்பிடத்துக்குச் சான்று தேடிச் சில நாள் அலைய நேரிடலாம். வீட்டுக்காரரிடம் வாடகைப் பத்திரம் கேட்க நேரிடலாம். ஊர் விலாசத்தில் இருக்கும் அட்டையைப் புது விலாசத்துக்கு மாற்றிக்கொள்ள நேரிடலாம். இவை தொல்லைகளே. எனினும், அந்த ஊரில் தங்குவதற்கு அவர் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கலாம் என்ற உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு அவருக்கு அளித்திருக்கிறது. மூச்சு விடுவதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதுபோலவே இந்த உரிமையையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதே மனநிலையில்தான் ஒருகாலத்தில் இலட்சக்கணக்கான தமிழர் வங்கக் கடலுக்கு அப்பால் வாழ்ந்து வந்தனர். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி இரங்கூனில் இறங்குவது, அவர்களுக்கு ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குப் போவதாகவே இருந்தது. உண்மையும் அதுதான். 1937 வரையில் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். போனவர்கள் அயல்நாட்டாராகப் போகவில்லை. அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, நாடு அவர்களுக்கு அயல்நாடாயிற்று. அந்த மாற்றத்தைக் காகிதங்களின் வழியாகப் பார்ப்பது பயனுள்ளது என்று கருதுகிறோம். ஏனெனில், போர்களையும் கலகங்களையும் பற்றிச் சொல்லும் நூல்கள், மக்கள் பையில் வைத்திருந்த சீட்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

1852ஆம் ஆண்டின் போருக்குப் பிறகு கீழ்ப் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், ஐராவதி ஆற்றின் முகத்துவாரத்தில் விளைந்த அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை பெருகியது. சதுப்பு நிலத்தையும் காட்டையும் திருத்தி வயலாக்கப் பர்மியக் குடியானவர் முன்வந்தனர். அவர்களிடம் உழைப்பு இருந்தது, முதல் இல்லை. நிலத்தின் பேரில் கடன் கொடுக்க ஐரோப்பியப் பாங்குகள் தயங்கின. அந்த இடைவெளியில் புகுந்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். அவர்களோடும் அவர்களுக்குப் பின்னும் அறுவடைக்கும், துறைமுகச் சுமைக்கும், இரயில் பாதைக்கும், அரிசி ஆலைக்கும், கச்சேரி உத்தியோகத்துக்குமாகத் தமிழர் பலர் சென்றனர். 1931ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி இரங்கூனின் மக்கள் தொகை சுமார் 4 இலட்சம். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். பர்மா முழுவதிலும் இந்தியர் 10 இலட்சத்துக்கு மேல் இருந்தனர். தெலுங்கரும் வங்காளியரும் ஒரியரும் அத்தொகையில் அடங்குவர்.

நகரத்தாரின் வட்டிக்கடை நடந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கடையின் உரிமையாளரான முதலாளி பெரும்பாலும் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ தம் ஊரில் இருப்பார். பர்மாவில் கடையை நடத்துபவர் அவருடைய ஏஜெண்டு. அவருக்கு மேலாள் என்று பெயர். அவருக்குக் கீழே அடுத்தாள்; அவனுக்கும் கீழே பெட்டியடிப் பையன். இவ்வாறு போவதற்குக் 'கொண்டுவிக்கப் போதல்' என்பது அவர்கள் வழக்கு. மேலாளின் தவணை மூன்று ஆண்டு. போகுமுன் முதலாளிக்கும் அவருக்கும் இடையே ஒரு சம்பளச் சீட்டு எழுதப்படும். இன்னாருக்கு இன்ன ஊர்க் கடைக்கு இத்தனை காலத்துக்கு இவ்வளவு சம்பளம் என்பது அதில் தெளிவாக இருக்கும். மூன்று ஆண்டு முடிந்ததும் கணக்கை ஒப்புவித்து அவர் ஊர் திரும்புவார். அவர் இடத்துக்கு வேறொருவர் போவார். பெட்டியடிப் பையனாகச் சென்றவன் அடுத்தாளாகி, மேலாளாகி, பிறகு தானே ஒரு கடைக்குப் பங்காளியாவதும் உண்டு. பள்ளிக்கூடம், தொழிற்சாலை, பாங்கு ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த ஏற்பாடு அது.

கடையில் ஒவ்வொரு நாளும் சிட்டை எழுதுவார்கள். சிட்டையிலிருந்து பேரேட்டில் ஏற்றுவார்கள். குறித்த காலத்தில் ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். ஏட்டின் தலைப்பில் பிள்ளையார் சுழி இருக்கும். கோயிலுக்குரிய மகமையும் கணக்கில் ஏறும். கடைகளுக்குப் பெயர் முதலெழுத்துகளால் ஆனது. அதற்கு விலாசம் என்று சொல்வார்கள். 'மூனா', 'ரூனா' என்று அவ்வெழுத்துகளைச் சேர்த்துச் சொன்னால், கடன் கொடுப்பவருக்கு அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையும் கண்முன் வந்துவிடும். இரங்கூன் மொகல் தெருவில் செட்டியார் கடைகள் நெருங்கி இருந்தன. அங்கே மாதந்தோறும் கோயிலில் கூடி அந்த மாதத்துக்குரிய நடப்பு வட்டியை முடிவு செய்வது வழக்கம். எழுத்து மூலமான சட்டம் அதற்கு இல்லை. ஆனால் அந்த வட்டி பர்மா முழுவதும் செல்லுபடியாயிற்று.

1929, 1930ஆம் ஆண்டுகளில் சர்க்கார் அமைத்த பர்மா மாகாணப் பாங்கு விசாரணைக் குழு, பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகவும், அவற்றில் ஈடுபட்ட முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அந்நாளைய ரூபாய் என்பதை நேயர்கள் மறக்கலாகாது. பெரிய கடைகள் ஐரோப்பியப் பாங்குகளில் கடன் வாங்கிச் சிறிய கடைகளுக்குக் கொடுத்தன. சிறிய கடைகள் உழவருக்குக் கொடுத்தன. சென்னைக்குப் பணம் அனுப்ப உண்டியல் போதும். துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒரு தமிழ்த் தொழிலாளி தன் மிச்சத்தை மொகல் தெருவில் ஒரு கடையில் கட்டினால், அவன் மனைவி இராமநாதபுரம் ஜில்லாவில் அதைப் பெற்றுக்கொள்வாள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் உண்டு.

1929இல் அண்ணாமலை செட்டியார் குடும்பத்தார் இரங்கூனில் செட்டிநாடு பாங்கை நிறுவினர். 1937 பெப்ரவரி 10ஆம் நாள் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் கதவு திறந்தார். அந்த மூன்று ஊர்களும் அவர் மனத்தில் ஒரே தெருவின் மூன்று வீடுகளைப் போல இருந்தன என்பது இதனால் புலப்படும்.

இவ்வளவு நுட்பமாக எழுதிய அம்மக்கள் எதை எழுதவில்லை? தம்மைப் பற்றி எழுதவில்லை. அணாவும் பைசாவும் தவறாமல் பதிந்த கடையில், மேலாள் எந்தத் தேதியில் கப்பலிறங்கினார், எத்தனை ஆண்டு அந்நாட்டில் வாழ்ந்தார் என்பதற்குச் சர்க்கார் முத்திரையிட்ட சான்று எதுவும் இருக்காது. அது வேண்டியிருக்கவுமில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுச் சட்டம் 1920இல் வந்தது. ஆனால் பர்மா இந்தியாவுக்குள் அடங்கியிருந்ததால் அங்கே செல்வோருக்குப் பாஸ்போர்ட்டுத் தேவையில்லை. தொழிலாளியின் நிலை இன்னும் மோசம். அவனிடம் சம்பளச் சீட்டும் இல்லை. பணத்துக்குச் சாட்சி நூறு இருந்தன. மனிதனுக்கு ஒன்றும் இல்லை. பின்னர் நேர்ந்த துன்பங்களில் பெரும்பகுதி இங்கேயே விதையாகிவிட்டது என்பது நம் கருத்து.

1930இல் உலகமெங்கும் பரவிய மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத உழவர்கள் நிலத்தை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்கள் 13இல், 1930ஆம் ஆண்டில் செட்டியார் வசம் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 சதவிகிதம். 1937இல் அது 25 சதவிகிதம் ஆயிற்று. ஏக்கர்க் கணக்கில் சுமார் 24½ இலட்சம். நிலத்தை விரும்பி வாங்கவில்லை, வராத கடனுக்கு ஈடாகவே அது வந்தது என்று நகரத்தார் கூறியது மெய்யே. ஆயினும், தன் தகப்பன் காட்டை அழித்து ஆக்கிய வயலில் கூலியாக நிற்கும் பர்மியனுக்கு அந்த விளக்கம் ஆறுதலாகுமா? கலப்பை அவன் கையில், பத்திரம் செட்டியார் பெட்டியில். இந்த மனக்குறையை மறைத்து வரலாறு சொல்வது நேர்மையாகாது. 1930இலும் 1938இலும் இந்தியருக்கு எதிரான கலகங்கள் மூண்டன.

1937 ஏப்ரல் முதல் நாள் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. பிரிவினை முதலில் காகிதத்தின் மேல்தான் தெரிந்தது. இந்தியத் தபால் தலைகளின் மேல் 'பர்மா' என்று அச்சடித்து விற்றார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பதித்த இந்திய நோட்டுகளின் மேல், பர்மாவில் மட்டுமே செல்லும் என்ற வாசகத்தை அச்சடித்து வெளியிட்டார்கள். ரிஸர்வ் பாங்கே இரு நாட்டுக்கும் நோட்டு வெளியிடும் பாங்காக நீடித்தது. ஆக, ஒரே பாங்கு, ஒரே மன்னர், ஒரே ரூபாய். மேலே ஒரு வரி மட்டும் வேறு. மனிதர்மேல் அப்போது யாரும் எதையும் அச்சடிக்கவில்லை. போக்குவரத்து முன்போலவே நடந்தது. ஆதலால் பிரிவினையை நம்மவருள் பலர் டில்லிக்கும் லண்டனுக்கும் இடையிலான ஓர் ஏற்பாடாக மட்டும் எண்ணியிருக்கக்கூடும்.

மனிதர்மேல் அச்சடிக்கும் முயற்சி 1940இல் தொடங்கியது. அவ்வாண்டில் பர்மா, அயல்நாட்டார் பதிவுச் சட்டத்தை இயற்றியது. 1938ஆம் ஆண்டுக் கலகத்துக்குப் பின் இந்தியர் குடியேற்றத்தைப் பற்றி விசாரிக்க நியமிக்கப்பட்ட ஜேம்ஸ் பாக்ஸ்டர் என்பவர் தம் அறிக்கையைக் கொடுத்தார். அதன் அடிப்படையில் 1941இல் இரு சர்க்கார்களுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. இனிப் பர்மாவுக்குச் செல்லும் இந்தியர் பாஸ்போர்ட்டும் விசாவும், அல்லது குடியேற்ற அனுமதிச் சீட்டும் கொண்டே நுழையவேண்டும். ஏற்கெனவே அங்கே இருப்பவர் இத்தனை ஆண்டு வாழ்ந்தோம் என்று மெய்ப்பித்தால் அதற்கேற்ற உரிமை பெறுவர் என்பது அதன் சாரம். காந்தியடிகள் அதைக் கண்டித்தார். இந்தியாவில் எழுந்த எதிர்ப்பும் அடுத்து வந்த போரும் அவ்வொப்பந்தத்தைச் செயலுக்கு வரவிடவில்லை. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி மறையவில்லை. 'நீ எப்போது வந்தாய், எத்தனை நாள் இருந்தாய், அதற்கு என்ன அத்தாட்சி?' என்ற அக்கேள்வியே அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குத் தமிழரைப் பின்தொடர்ந்தது.

1941 டிசம்பர் 23ஆம் நாள் இரங்கூனில் ஜப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச்சு 8ஆம் நாள் நகரம் விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர் சிலரே. நான்கு இலட்சத்துக்குக் குறையாத இந்தியர் அரக்கான் வழியாகவும், தாமு கணவாயைக் கடந்து மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தனர். பல்லாயிரவர் வழியில் மாண்டனர். தாமு என்ற ஊரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அதற்கு மீண்டும் வருவோம். நடந்து வந்தவர்கள் எதைத் தூக்கி வர முடியும்? அரிசியும் குழந்தையும் போக மிஞ்சிய கையில், சில கடைக்காரர் அடமானப் பத்திரங்களைக் கட்டி எடுத்து வந்தனர். போருக்குப் பின் அப்பத்திரங்கள் செல்லும் என்று அவர்கள் நம்பினர். போர்க்காலத்தில் ஜப்பானியர் அச்சிட்ட நோட்டுகளில் சம்பளமும் விலையும் வாங்கி அங்கேயே தங்கியிருந்தவர்களுக்கு, 1945இல் அந்நோட்டுகள் வெறுங்காகிதமாயின.

போர் ஓய்ந்ததும் திரும்பிப் போக முயன்றவர்களை எதிர்கொண்டது வேறு பர்மா. 1947ஆம் ஆண்டைப் பர்மாவின் காகித ஆண்டு என்றே சொல்லலாம். குடியேற்ற அவசரச் சட்டம் அவ்வாண்டில் வந்தது. அனுமதிச் சீட்டோ, விசா பதித்த பாஸ்போர்ட்டோ இல்லாமல் அயலார் எவரும் நுழையக்கூடாது என்றது. அசையாச் சொத்தை அயலாருக்கு மாற்றுவதைத் தடுக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே வந்தது. அயல்நாட்டு நாணயத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமும் அவ்வாண்டிலேயே. இந்தக் கடைசிச் சட்டத்தைப் பர்மாவின் பகைமை என்று எண்ணுவோர், இந்தியாவும் அதே 1947இல் அதே பெயருடைய சட்டத்தை இயற்றியது என்பதை அறியவேண்டும். போருக்குப் பிந்தைய உலகில் ஒவ்வொரு நாடும் தன் நாணயத்துக்கு வேலி கட்டிற்று. வேலிக்கு இருபுறமும் கால் வைத்து நின்றவர்கள் நம்மவர்கள்.

1948 ஜனவரி 4ஆம் நாள் பர்மா சுதந்திரம் பெற்றது. அதன் அரசியலமைப்பு, குடியுரிமைக்கு ஒரு வழி திறந்து வைத்தது. 1942 ஜனவரி முதல் நாளுக்கோ, 1948 ஜனவரி 4ஆம் நாளுக்கோ முந்தைய பத்து ஆண்டுகளில் எட்டு ஆண்டுக்குக் குறையாமல் பர்மாவில் வாழ்ந்தவர், அங்கேயே நிலைத்து வாழக் கருதினால், குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம். நியாயமான விதியே. ஆனால் எட்டு ஆண்டு என்பதை எவ்வாறு காட்டுவது? மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் சென்று திரும்பும் வழக்கமுடைய மேலாளுக்கு ஆண்டுக்கணக்கே உடைந்து கிடந்தது. அறுவடைக்கு வந்து கோடையில் போகும் தொழிலாளிக்குக் கணக்கே இல்லை. பலர் விண்ணப்பித்தனர், விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தன. மிகப் பலர் விண்ணப்பிக்கவே இல்லை. ஊரில் வீடும் குலதெய்வமும் இருக்க, இங்கே எதற்குப் பிரஜையாவது என்று தயங்கினர். குடியுரிமை என்பது மனத்தின் பாசத்தைப் பற்றியது என்று அவர்கள் நினைத்தனர். அது பாங்குக் கணக்கையும் பாதிக்கும் என்று அப்போது எண்ணவில்லை.

பதிவுச் சீட்டு வாங்கிக்கொண்டு அயல்நாட்டாராகத் தங்கியவர்கள் நிலை என்ன? ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி அதைப் புதுப்பிக்கவேண்டும். ஊருக்குப் போய்வர விரும்பினால் திரும்பி வருவதற்கான அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். பெறாமல் போனவர் பிறகு வெளியார். குடும்பத்துக்குப் பணம் அனுப்பவும் அனுமதி வேண்டும், அதற்கும் ஓர் உச்ச அளவு உண்டு. மொகல் தெருவில் கட்டினால் இராமநாதபுரத்தில் கிடைக்கும் என்ற பழைய வசதி சட்டப்படி குற்றமாயிற்று. இவ்வாறு, தனித்தனியே இருந்த இருவகைக் காகிதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. பணம் அனுப்ப வேண்டுமானால் பணத்துக்குரியவனின் நிலை சரியாக இருக்கவேண்டும். நிலை சரியாக இருக்கப் பணம் வேண்டும்.

வட்டிக்கடைக்கு இது மரண அடி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நிலச் சீர்திருத்தச் சட்டமே நகரத்தார் தொழிலை முடித்தது என்பது பொதுவான எண்ணம். 1948இல் நிலத் தேசீயமயச் சட்டம் வந்தது, 1953இல் அது மேலும் வலுவாயிற்று, நிலம் போயிற்று என்பதெல்லாம் உண்மை. ஆனால் நிலம் இல்லாமலும் வட்டிக்கடை நடந்திருக்கும்; ஆள் மாற்றமில்லாமல் நடக்காது. மூன்று ஆண்டுக்கு ஒரு மேலாள் என்ற சுழற்சியே அதன் உயிர். முதலாளியின் கண்காணிப்பும், பெட்டியடிப் பையனின் பயிற்சியும், ஊரின் நம்பிக்கையும் அந்தச் சுழற்சியில் அடங்கியிருந்தன. விசா அதை நிறுத்திற்று. அங்கே இருந்தவர் மாற்றாளின்றி முதுமையடைந்தார். இங்கே இருந்தவர் பத்திரக் கட்டுடன் அனுமதிக்காகக் காத்திருந்தார். பெரிய பாங்குகள் குமாஸ்தாக்களை அந்நாட்டிலேயே அமர்த்திக்கொள்ளக்கூடும். குடும்பத்தையும் ஊரையும் ஜாமீனாகக் கொண்ட கடைக்கு அது இயலாது.

ரூபாய் போய் 1952இல் கியாட் வந்தது. அதற்குப் பிந்தைய பத்து ஆண்டுகளைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறு வாணிகமும் கைத்தொழிலுமாகத் தமிழர் பலர் ஓரளவு நன்றாகவே வாழ்ந்தனர்.

1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963 பெப்ரவரி 23ஆம் நாள் அந்நாட்டிலிருந்த பாங்குகள் 24உம் தேசீயமாக்கப்பட்டன. அவற்றுள் 14 அயல்நாட்டுப் பாங்குகள். அவற்றின் பெயர்கள் நீக்கப்பட்டு, மக்கள் பாங்கு என்ற பொதுப் பெயரும் ஆளுக்கொரு வரிசை எண்ணும் கொடுக்கப்பட்டன. கணக்கு வைத்திருந்தவர் ஒரு நாள் காலை தம் பாங்கைத் தேடிப் போனால் அங்கே ஓர் எண் இருந்தது. 1964 மார்ச்சில் இரங்கூனின் கடைகளும், தொடர்ந்து பிற ஊர்க் கடைகளும் அரசுடைமையாயின. மே 17ஆம் நாள், 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. பாங்கை நம்பாமல் பெட்டியில் வைத்திருந்தவரையும் அது விடவில்லை. பாங்கு, கடை, பெட்டி என்ற மூன்று புகலிடங்களும் பதினைந்து மாதத்துக்குள் மூடப்பட்டன. இவை பர்மியருக்கும் சேர்ந்தே விதிக்கப்பட்டவை. பர்மிய வியாபாரியும் தன் கடையை இழந்தான். ஆனால் அவனை யாரும் பதிவுச் சீட்டுக் கேட்டு நிறுத்தவில்லை. தொழிலை இழந்த பிறகும் அவன் தங்கலாம். தொழில் போன அயல்நாட்டானுக்குத் தங்குவதற்குக் காரணமும் போயிற்று.

இந்திய சர்க்கார் கப்பல்களை அமர்த்தி மக்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. பணமும் நகையும் கொண்டுவர மிகச் சிறிய அளவே அனுமதிக்கப்பட்டது. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கே வந்தனர். அவர்களுள் பலர் பர்மாவில் பிறந்தவர்கள். தமிழைக் காட்டிலும் பர்மிய மொழியைச் சரளமாகப் பேசிய பிள்ளைகள் அவர்களிடையே இருந்தனர். 'திரும்பினர்' என்று நாம் எழுதுகிறோம். வந்திராத ஊருக்கு ஒருவர் திரும்புவது எப்படி என்று அப்பிள்ளைகள் கேட்டால் விடை சொல்வது கடினம். சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் அவர்கள் போட்ட கடைகள் பர்மா பஜார் ஆயின. சென்னையிலும் திருச்சியிலும் பிற ஊர்களிலும் பர்மா காலனி என்ற பெயரில் குடியிருப்புகள் எழுந்தன.

வெளிமாநிலங்களில் வாழும் நம் நேயர்கள் சிறப்பாக அறியவேண்டிய கிளைக்கதை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் மனம் ஒட்டாத சிலர் 1960களில் மீண்டும் பர்மாவுக்கே போக முடிவு செய்தனர். கப்பலுக்கு விசா வேண்டும். ஆகவே நிலவழியாகப் புறப்பட்டனர். இரயிலில் வடகிழக்கே சென்று, மணிப்பூரை அடைந்து, இம்பாலிலிருந்து எல்லைவரை போயினர். எல்லைக்கு அப்பால் இருப்பது தாமு. 1942இல் இந்தியர் நடந்து வெளியேறிய அதே வழி, இப்போது எதிர்த்திசையில். பர்மியக் காவலர் அவர்களை அனுமதிக்கவில்லை. சென்னைக்குத் திரும்பவும் அவர்களுக்கு மனமில்லை. எல்லையின் இந்தியப் பக்கத்திலிருந்த மோரே என்ற சிற்றூரில் தங்கிவிட்டனர். பர்மிய மொழி தெரியும், வாணிகம் தெரியும். ஆதலால் எல்லை வாணிகத்தில் விரைவில் முன்னுக்கு வந்தனர். தமிழ்ச் சங்கம் அமைத்தனர். அங்காளபரமேசுவரிக்குக் கோயில் எடுத்தனர். அக்கோபுரம் இன்றும் மணிப்பூர் மலைகளிடையே நிற்கிறது. ஒரு முத்திரை கிடைக்காததால் தோன்றிய தமிழூர் உலகில் இதைத் தவிர வேறு இருக்குமா என்று எமக்கு ஐயமே.

பர்மாவிலேயே தங்கிவிட்ட தமிழரும் பலர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை நீக்கி 1982இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டது. அது குடிமக்களை மூவகையாகப் பிரித்தது: முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், குடியுரிமை வழங்கப்பெற்றவர். 1948ஆம் ஆண்டின் சட்டப்படி விண்ணப்பித்துக் காத்திருந்தோர் இணைக் குடிமக்கள் என்ற வகுப்பில் சேர்ந்தனர். முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை, மற்ற இருவகையினருக்கு நீலமும் பச்சையும் என்று நிறத்திலேயே வேற்றுமை தெரிந்தது. மூன்றிலும் சேராதவர் கையில் பழைய அயல்நாட்டார் பதிவுச் சீட்டே மிஞ்சியது. அந்நாட்டில் பிறந்து, அந்நாட்டிலேயே மணந்து, பேரன் எடுத்தவருக்கும் அதுவே.

இந்தியாவுக்கு வந்தவர்களின் செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. 1969 ஜூலை 19ஆம் நாள் இந்தியாவில் 14 பாங்குகள் தேசீயமாக்கப்பட்டன. இரங்கூனில் கிளை வைத்திருந்த இந்தியன் பாங்கும் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கும் அவற்றுள் அடங்கும். ஏழே ஆண்டுக்குள் இரு நாடுகளில் இருமுறை தேசீயமான பாங்குகள் என்று அவற்றைச் சொல்லலாம். அதே ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோரின் நல்வாழ்வுக்கெனச் சென்னையில் ஒரு கூட்டுறவுப் பாங்கு நிறுவப்பட்டது. ரெப்கோ பாங்கு என்று இன்று வழங்குவது அதுவே. தாயகம் திரும்பியோரும் அவர்கள் வழிவந்தோரும் அதில் உறுப்பினராயினர். அதற்குப் பேரேடு தேவைப்படவில்லை, அடமானப் பத்திரமும் தேவைப்படவில்லை. பர்மாவை விட்டு வந்தவர் என்று காட்டும் சான்று போதும். இரங்கூனில் இறங்கிய நாளைக் குறித்து வைக்காத குடும்பங்கள், அங்கிருந்து கப்பலேறிய நாள் எழுதிய அந்தச் சான்றைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தன.